ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீனும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, புக்கிட் தீமா சாலைப் பக்கமாக நிமிர்ந்து பார்க்கிறவர்களின் கண்ணில் படுவது கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையின் உயர்ந்த கட்டடமே ஆகும். 1997ஆம் ஆண்டில் இப்போதைய இடத்துக்குப் பெயர்வதற்கு முன், ஹாம்ப்ஷியர் ரோட்டில், இன்று நிலப் போக்குவரத்து ஆணையம் குடியிருக்கும் பழைய கட்டடத்தில் அது இயங்கிவந்த காலத்தில், 1966ஆம் வருஷம் ஒன்றிலே மட்டும் 39,835 குழந்தைகள் அங்கே பிறந்து அந்த வைத்தியசாலை கின்னஸ் புத்தகத்தில் ஏறியது என்பதையும், அந்தக் குழந்தைகளில் சிராங்கூன் சாலைச் சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் குழந்தைகளும் கணிசமாக இருந்திருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தால், இந்தப் பேட்டையின் தாய்மார்களுக்கும் அந்த மருத்துவமனைக்கும் உள்ள பந்தம் விளங்கும். பிரசவத்தைப் பற்றியும், பால் கட்டிக்கொண்டதைப் பற்றியும், பிள்ளைக்குப் பால் மறக்கடித்த பாட்டைப் பற்றியும் சந்தைக்கடை முன்னே நின்று உரக்கப் பேசத் தயங்காத நம் ஸ்திரீகள், அதே சரீரத்தின் அதே அவயவம் ஸௌந்தரியத்தை முன்னிட்டுப் பிரஸ்தாபத்துக்கு வருகிறபோது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பேசாமலே இருந்துவிடுகிறார்கள்.

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவைச் சிகிச்சையை உலகத்தில் ஆண்டுதோறும் 15 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் செய்துகொள்கிறார்கள். இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பாலூட்டிய பின் தளர்ந்துபோனவர்கள், உடல் எடையை வெகுவாகக் குறைத்தவர்கள், பருவம் எய்திய நாள் முதல் ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சிறிதுமாக இருந்து மனம் குன்றியவர்கள், புற்றுநோய்க்கு ஒரு ஸ்தனத்தைப் பறிகொடுத்தவர்கள் என்று அவர்களுக்குள்ளே பல வகையினர் உண்டு. எந்தக் குறையும் இல்லாமல், விருப்பம் ஒன்றினாலேயே வருகிறவர்களும் உண்டு. விருப்பமும் ஒரு காரணமே. பட்டுப்புடவைக்கும் வைரத்தோட்டுக்கும் நியாயம் கேட்காத நாம் இதற்கு மட்டும் ஏன் நியாயம் கேட்க வேண்டும் என்று ஒருத்தி திருப்பிக் கேட்டால், எனக்கு விடை சொல்லத் தெரியாது. ஆகையால் செய்துகொள்ளலாமா கூடாதா என்ற தர்க்கத்துக்குள் நான் நுழையவில்லை. செய்துகொள்வதென்று தீர்மானித்தவள் எவ்விதம் ஆயத்தமாக வேண்டும், பிறகு எவ்விதம் தேற வேண்டும் என்பதே இங்கே பேச எடுத்துக்கொண்ட விஷயம். அதில் கத்தியைக் காட்டிலும் இரகசியமே அதிகத் தொல்லை தருகிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் சற்றே சரித்திரம். 1895ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்தில் வின்சென்ஸ் செர்னி என்ற மருத்துவர், கட்டியை அகற்றியதால் குழிந்துபோன ஒரு பெண்ணின் மார்பை, அவளுடைய முதுகில் இருந்த கொழுப்புக் கட்டியையே எடுத்து வைத்து நிரப்பினார். அதற்குப் பின் வந்தவர்கள் மெழுகை ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள்; இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானில் திரவ சிலிக்கோனையே ஏற்றினார்கள்; விளைவுகள் பரிதாபமாக முடிந்தன. இன்று நாம் அறிந்த சிலிக்கோன் பை 1962இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரத்தில் டிம்மி ஜீன் லிண்ட்ஸி என்ற பெண்ணுக்கு முதன்முதலில் பொருத்தப்பட்டது. ஆறு பிள்ளைகளின் தாயான அவர் வைத்தியசாலைக்குப் போனது பச்சை குத்தியிருந்ததை அழிப்பதற்காக. டாக்டர் ஃபிராங்க் ஜெரோவும் டாக்டர் தாமஸ் குரோனினும் புதிதாகக் கண்டுபிடித்த பையை வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டபோது, எனக்கு என் காதுகளைத்தான் சரிசெய்ய வேண்டும் என்றாராம் அந்த அம்மாள். அதையும் சேர்த்துச் செய்து தருவதாக ஒப்பந்தமாயிற்று. அவருக்கு முன்னால் அந்தப் பையைச் சுமந்து பார்த்த பிராணி எஸ்மரால்டா என்ற ஒரு நாய்.

அதன் பிறகு நடந்தவற்றில் மூன்று சம்பவங்களை இந்தச் சிகிச்சையை யோசிக்கிற ஒவ்வொருத்தியும் அறிந்திருப்பது நலம். 1992இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சிலிக்கோன் பைகளை அழகுக்காகப் பொருத்துவதற்குத் தடை விதித்து, 2006இல்தான் நிபந்தனைகளோடு மறுபடி அனுமதித்தது. 2010இல் பிரான்ஸ் தேசத்தில் ‘பிஐபி’ என்ற நிறுவனம், மருத்துவத் தரமுள்ள சிலிக்கோனுக்குப் பதிலாகத் தொழிற்சாலைகளில் புழங்கும் மலிவான சிலிக்கோனை அடைத்து விற்றுவந்தது வெளிப்பட்டது. பிரான்ஸில் மட்டும் ஏறக்குறைய 30,000 பெண்கள் அவற்றைச் சுமந்திருந்தார்கள். நிறுவனத்தை நிறுவிய ஜான் கிளோட் மாஸுக்கு 2013இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2019 ஜூலையில் ‘அலர்கன்’ நிறுவனத்தின் சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகள் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பையைச் சுற்றி வளர்கிற ஓர் அபூர்வமான நிணநீர்ப் புற்றுநோய் அதுவரை உலகெங்கும் 573 பேருக்குக் கண்டறியப்பட்டிருந்தது, அவர்களில் 33 பேர் இறந்திருந்தார்கள் என்பதே காரணம். பொருத்திக்கொண்டவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகைதான். ஆனால் பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்த நாளில், தன் மார்புக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் பை, எந்த ரகம், எந்த வரிசை எண் என்று தெரியாமல் திகைப்பவளுடைய நிலையை எண்ணிப் பாருங்கள். சிகிச்சை முடிந்ததும் மருத்துவர் தருகிற சிறு அட்டையில் இவையெல்லாம் எழுதியிருக்கும். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று அந்த அட்டையை முதலில் கிழித்துப் போடுகிறவள் பிற்பாடு கேட்பதற்கு ஆளில்லாமல் நிற்பாள்.

சிங்கப்பூரில் இந்தத் துறைக்குக் கட்டுதிட்டங்கள் உண்டு. 2008இல் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் அழகியல் சிகிச்சைகளுக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. மருத்துவருடைய பெயரை மன்றத்தின் பதிவேட்டில் எவரும் தேடி, அவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் அங்கீகாரம் பெற்ற நிபுணர்தானா என்று தெரிந்துகொள்ளலாம். சிகிச்சைக்கு முன் இப்படி, பின் இப்படி என்று படம் போட்டு விளம்பரம் செய்வதற்கு இங்கே அனுமதி இல்லை. கைப்பேசியில் வந்து விழுகிற அத்தகைய படங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுச் சரக்கு. முதல் ஆலோசனைக்கும் அறுவைக்கும் இடையே குறைந்தது 7 நாள் அவகாசம் விட வேண்டும் என்பதும் விதி. 2009 டிசம்பரில், மார்பக அறுவை அல்ல, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சைக்காக ஒரு கிளினிக்குக்குப் போன 44 வயது நிறுவனத் தலைவர் ஒருவர், மயக்க மருந்தின் விளைவாக மூச்சடைத்து மாண்டுபோன சம்பவத்தைப் பலர் மறந்திருக்கலாம். அந்தச் சிகிச்சையைச் செய்த மருத்துவரின் பெயரை 2018இல் உயர்நீதிமன்றம் பதிவேட்டிலிருந்தே நீக்கியது. ஆகவே கத்தி பிடிப்பவர் யார் என்பதோடு, மயக்க மருந்து கொடுப்பவர் யார், அதற்கென்று தனியாக ஒரு மயக்கவியல் மருத்துவர் பக்கத்தில் இருப்பாரா என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும்.

அந்த ஏழு நாள் அவகாசம் மனம் மாறுவதற்காகவே கொடுக்கப்பட்டது என்று சட்டம் நினைக்கலாம். என்னைக் கேட்டால், அது யாரேனும் ஒருவரிடம் சொல்வதற்காகக் கிடைத்த வாரம் என்பேன். கணவனிடம்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. அக்காளிடமோ, சித்தியிடமோ, கூட வேலை பார்க்கிற சிநேகிதியிடமோ சொல்லலாம். “வயிற்றிலே சின்ன ஆபரேஷன்” என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போகிறவளுக்கு என்ன நேரும்? வயிற்றுக்கு வேண்டிய கஞ்சியைப் பக்குவமாக வைத்துக் கொடுக்கிற மாமியார், மேல் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துத் தரும்படி அவளிடமே கேட்பார். கைக்குழந்தையைத் தூக்கி அவள் மார்பின்மேலே சாய்ப்பார். வயிற்றில் அறுத்தவளுக்குக் கை நன்றாகத்தானே இருக்கிறது! மார்பில் அறுத்தவளுக்கு முதல் சில வாரங்கள் செய்யவே கூடாதவை அவ்விரண்டு காரியங்கள்தாம்.

மருத்துவரிடத்தில் மறைப்பது இன்னும் விபரீதமானது. புகை பிடிக்கும் பழக்கம் உண்டா என்று அவர் கேட்கிறபோது, அவருக்கு வேண்டியது நம்முடைய ஒழுக்கத்தைப் பற்றிய சாட்சியம் அன்று. நிகோட்டின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி, காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தி, தோலையே அழுகச் செய்யக்கூடும். அதனால் அறுவைக்கு நான்கு வாரம் முன்பிருந்தே நிறுத்தியாக வேண்டும். மின்சிகரெட்டு இந்நாட்டில் சட்டவிரோதம் என்பதால் இளம்பெண்கள் அதைச் சொல்ல அஞ்சுவார்கள். ஆனால் அதிலும் இருப்பது அதே நிகோட்டின்தான். கருத்தடை மாத்திரை சாப்பிடுவதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இரத்தம் உறையும் அபாயம் அதனால் சற்று ஏறலாம். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், மீன் எண்ணெய், வைட்டமின் ‘ஈ’, பூண்டு மாத்திரை, ஜின்கோ ஆகியவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தக் கூடியவை. குழம்பில் போடுகிற பூண்டால் ஒன்றும் ஆகிவிடாது. சாரத்தை இறுக்கி அடைத்த மாத்திரை வேறு சமாசாரம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய லேகியத்தையும் சூரணத்தையும் மருந்தென்றே கருதாமல் ‘மருந்து எதுவும் சாப்பிடவில்லை’ என்று சொல்லிவிடுவது நம்மவர்களிடம் உள்ள ஒரு வழக்கம். டப்பாவையே கையோடு எடுத்துக்கொண்டு போய் மேசையின்மேல் வைத்துவிடுவது உத்தமம்.

நம் தோலைப் பற்றி ஒரு வார்த்தை. காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட தோளிலோ தழும்பு மேடிட்டுக் கெட்டியாக வளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கறுத்த மேனியுள்ளவர்களுக்கு இந்தச் சுபாவம் அதிகம். மார்புப் பிரதேசமோ அதற்குப் பெயர்போன இடம். கீறல் போடுகிற இடத்தைத் தீர்மானிக்கிறபோது மருத்துவருக்கு இந்தத் தகவல் அவசியம். மார்பின் கீழ்மடிப்பிலோ, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்திலோ, அக்குளிலோ 4 அல்லது 5 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறல் இடுவார்கள். கீழ்மடிப்புத்தான் இன்று அதிகமாக வழங்குவது, தழும்பும் அங்கே மறைந்துகொள்ளும். பையை நெஞ்சுத் தசைக்கு அடியில் வைக்கலாம், மேலே பால்சுரப்பிக்குப் பின்னால் வைக்கலாம், பாதி அப்படியும் பாதி இப்படியுமாகவும் வைக்கலாம். தசைக்கு அடியில் வைத்தால் முதல் சில நாட்கள் நோவு அதிகம். ஒல்லியான உடம்புக்கு விளிம்பு தெரியாமல் இயற்கையாகத் தோன்றுவது அதன் அனுகூலம். இவற்றில் எது உசிதம் என்பதை உடற்கூறு தீர்மானிக்குமே தவிர, ஆசை தீர்மானிக்காது.

அளவு விஷயத்தில் பெண்கள் வீட்டிலேயே கையாளுகிற ஒரு யுக்தி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மெல்லிய காலுறைக்குள் 250 மில்லியோ 300 மில்லியோ அரிசியை அளந்து போட்டு முடிச்சிட்டு, தளர்வான உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு இரண்டொரு நாள் சமைத்தும், கூட்டியும், மாடியேறி இறங்கியும் பார்ப்பதுதான் அது. கண்ணாடி முன்னே ஐந்து நிமிஷம் நிற்பவளுக்குத் தெரியாத பாரம், ஈசூனிலிருந்து ரயிலேறி நகரத்துக்கு வந்து எட்டு மணி நேரம் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்புகிறவளுக்குத் தெரியும். அளவைக் குறைத்துக்கொண்டு மருத்துவரிடம் போவதற்கு இந்த அரிசியே போதும்.

கூடிய சீக்கிரம் குழந்தை பெறும் எண்ணம் உண்டென்றால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே விவேகம். பாலூட்டுவதை நிறுத்தியவர்களும் மார்பு ஒரு நிலைக்கு வரும்வரை சில மாதம் பொறுக்க வேண்டும். பொருத்திக்கொண்ட பின்னும் பெரும்பாலோர் பாலூட்ட முடியும், ஆனால் உத்தரவாதம் கிடையாது. தாய்க்கோ தாயுடன் பிறந்தவளுக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்ததென்றால், முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லி, அறுவைக்கு முன் மேமோகிராமோ ஸ்கேனோ எடுத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இதுவே முதலிடத்தில் இருக்கிறது. ஆயுட்காலத்தில் 13 பேரில் ஒருவருக்கு வரக்கூடியது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அழகுக்காகச் செய்துகொள்வதற்கு மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்தும் எடுக்க முடியாது, மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபும் தராது. புற்றுநோயால் இழந்த மார்பை மறுபடி உருவாக்குவதற்கு இரண்டும் உண்டு. அழகுக்கும் நோய்க்கும் நடுவே அரசாங்கங்கள் கிழிக்கிற கோடு எங்கேயும் ஒன்றுபோல் இல்லை. சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை 2018 பிப்ரவரியில் மார்பகச் சீரமைப்பை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்ய முன்வந்தபோது, அழகுச் சிகிச்சை ஏழைக்கு மட்டும் ஏன் கிட்டக்கூடாது, நாம் தராவிட்டால் கடன் வாங்கியோ ஆபத்தான வழிகளிலோ அவர்கள் போய்விடுவார்களே என்ற கருத்துப்பட அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் பேசினார். அதைக் கேட்டு நகைத்தவர்கள் பலர். தோளும் முதுகும் நோகும் பாரத்தோடும், ஒரு பக்கம் வளராத மார்போடும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண்களைக் கண்டறிந்தவர்கள் நகைத்திருக்க மாட்டார்கள்.

இனி வீட்டை ஆயத்தம் செய்வதைப் பார்ப்போம். இதில்தான் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகம். பஞ்சாங்கத்தைப் பார்க்கிறவர்கள் ராகுகாலத்தோடு நிற்காமல், அடுத்த ஆறு வாரத்தில் என்னென்ன வருகிறது என்றும் பார்க்க வேண்டும். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டவள் அதற்கு ஒரு மாதம் முன்னால் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டால், பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை கையைத் தூக்கிக் குடத்தைப் பிடித்தபடி நடப்பது நடவாத காரியம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் அப்படியே; முறுக்கு பிழிவதற்கு நெஞ்சுத் தசை எவ்வளவு உழைக்கிறது என்பது அது புண்ணாயிருக்கிறபோதுதான் தெரியவரும். அன்றாடம் புழங்குகிற பாத்திரம், மசாலா டப்பா, துணிமணி, கைப்பேசியின் மின்னூட்டி எல்லாவற்றையும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும். ஐந்து கிலோ அரிசி மூட்டையைக் கடைக்காரர் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டாலும், உள்ளே எடுத்துப்போக வேறொருவர் வேண்டும். பணிப்பெண் இருக்கிற வீட்டில் அவளிடமும் விஷயத்தைச் சொல்லிவைப்பது தவறன்று.

உடை விஷயத்தில் நம் பழைய சம்பிரதாயம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. தலைவழியாக மாட்டும் சுடிதார் மேற்சட்டையும் டி-ஷர்ட்டும் சில வாரத்துக்கு உதவா. முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கையும், முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டியும் உகந்தவை. மருத்துவர் தருகிற, கம்பியில்லாத, முன்புறம் மூடுகிற ஆதரவு உள்ளாடையை இரவும் பகலும் நான்கு முதல் ஆறு வாரம் அணிய வேண்டியிருக்குமாதலால், துவைத்து மாற்ற இரண்டாவது ஒன்று கட்டாயம் வேண்டும். பழைய அளவு ரவிக்கைகளை அவசரப்பட்டுத் தையற்காரரிடம் பிரிக்கக் கொடுக்க வேண்டாம். வீக்கம் வடிந்து உருவம் நிலைபெற மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்.

அறுவைக்கு முந்தைய இரவு உபவாசம். வெள்ளிக்கிழமை விரதம் இருந்து பழகிய நம் பெண்களுக்கு இது ஒரு பொருட்டல்ல என்று தோன்றும். ஆனால் விரதத்தில் பாலுக்கு விலக்கு உண்டு, இங்கே இல்லை. திட உணவுக்கு ஆறு மணி நேரமும், வெறும் நீருக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் கணக்கில் பால் கலந்த காப்பியும் தேத்தண்ணீரும் உணவோடு சேர்ந்தவை. பொழுது விடிந்ததும் பழக்கதோஷத்தால் ஒரு மடக்குக் குடித்துவிட்டு அதை மறைத்தால், மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலேறி மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம். நகப்பூச்சை அழித்துவிட வேண்டும். இரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளக்கிற கருவி விரல்நுனி வழியே ஒளியைச் செலுத்திப் பார்ப்பதாகையால், கேம்பல் லேனில் அடர்ந்த மருதாணி இட்டுக்கொள்வதையும் ஒத்திவைக்கலாம். மூக்குத்தி, மெட்டி, வளையல் எல்லாம் கழற்ற வேண்டியவையே. தாலிச்சங்கிலிதான் சங்கடம். கை அறுவையென்றால் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடலாம். இதுவோ அறுக்கிற இடத்தின்மேலேயே கிடப்பது, கழற்றாமல் தீராது. கடைசி நிமிஷத்தில் தாதியோடு வாதாடுவதை விட, முந்தைய நாளே ஸ்வாமி படத்தின் முன் கழற்றி வைத்துவிட்டு வருவது மனத்துக்கும் சாந்தம்.

அறுவை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பொது மயக்கம் தெளிந்தவளைத் தனியே டாக்ஸியில் ஏற்றி அனுப்ப நல்ல மருத்துவமனை எதுவும் சம்மதிக்காது. வயது வந்த ஒருவர் வந்து அழைத்துப் போக வேண்டும், முதல் 24 மணி நேரம் கூடவே இருக்க வேண்டும். எவருக்கும் சொல்லாமல் செய்துகொள்ள நினைத்தவளுடைய திட்டம் இடிந்துபோவது இந்த நிபந்தனையில்தான்; சிலர் அறிமுகமில்லாத யாரையோ பெயருக்குக் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்திட வைத்துவிட்டு, வீட்டு வாசலில் அனுப்பிவிடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கல்போல வீங்கி இறுகி, தாங்கமுடியாத நோவு எடுத்தால் உள்ளே இரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது முதல் ஒரு நாளிலேயே நேரிடும், உடனே மருத்துவமனைக்குத் திரும்பியாக வேண்டும். மருந்து மயக்கத்தில் அரைத்தூக்கமாகக் கிடக்கிறவள் அதைத் தானே கண்டுபிடித்துத் தானே வண்டி கூப்பிடுவாள் என்று எதிர்பார்க்க முடியுமா?

முதல் மூன்று நாள் நோவு. நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதைப் போன்ற இறுக்கம். தலையணைகளை அடுக்கி முதுகைச் சாய்வாக வைத்து மல்லாந்து தூங்க வேண்டும். ஒருக்களித்தோ குப்புறவோ படுக்கக் கூடாது. அதற்காகப் படுக்கையே கதியென்று கிடப்பதும் பிழை. அன்றைக்கே எழுந்து வீட்டுக்குள் நடமாடினால்தான் காலில் இரத்தம் உறையாது. சாதாரணமான மேசை வேலைக்கு ஒரு வாரத்தில் திரும்பலாம். திரும்புகிறவள் நெரிசல் நேரத்து ரயிலைத் தவிர்க்கட்டும். தலைக்கு மேலே தொங்குகிற பிடியை எட்டிப் பிடிக்க முடியாது, பிடிக்காமல் நிற்கவும் முடியாது. காரோட்டுவதானால், வலிமாத்திரையை விட்ட பிறகு, திடீரென்று சக்கரத்தைத் திருப்பினால் நோகாத நாள் வரை பொறுக்க வேண்டும். பாரம் தூக்குவதும், ஓடுவதும், நீச்சலும் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குப் பின்புதான், அதுவும் மருத்துவர் பார்த்துச் சம்மதித்த பின்பு.

பத்தியம் சொல்ல வருகிற உறவினரைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். பூண்டுக்குழம்பும் சுறாப்புட்டும் சமைத்துப் போடட்டும், தோஷமில்லை. ஆனால் காயத்தின்மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசுகிறேன், நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டுகிறேன், வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுக்கிறேன் என்பவர்களை அன்போடு தடுக்க வேண்டும். உணர்ச்சி மரத்துப்போன தோலில் ஒத்தடத்தின் சூடு தெரியாது, வெந்துபோகும். காய்ச்சல், ஒரு பக்கம் சிவந்து சுடுதல், தையலிலிருந்து நீர் கசிதல், காலில் ஒரு பக்க வீக்கம், மூச்சுத் திணறல் இவற்றில் ஏதொன்று கண்டாலும் பாட்டியையும் கேட்க வேண்டாம், பத்திரிகைக்காரரையும் கேட்க வேண்டாம்.

இரண்டாம் வாரத்தில் பலருக்கு மனம் சோர்ந்துவிடுகிறது. வீங்கியிருக்கிறது, இரண்டும் ஒன்றுபோல் இல்லை, உயரத்தில் ஏறி நிற்கின்றன, காம்பில் உணர்வே இல்லை, எதற்காக இதைச் செய்தேன் என்று கண்ணீர் விடுவார்கள். மயக்க மருந்தும், தூக்கக் குறைவும், கட்டுண்ட உடம்பும் சேர்ந்து செய்கிற வேலை அது; பைகள் கீழே இறங்கி அமர்ந்து, உணர்வும் அனேகமாகத் திரும்பி வரும்போது தானே தெளியும். அந்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே அழுகிறவளுக்கும், பக்கத்தில் ஒருத்தியை வைத்துக்கொண்டு அழுகிறவளுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த மருந்தும் ஈடுசெய்யாது.

செலவு குறையும், தெரிந்தவர் கண்ணிலும் படாது என்று பாங்காக்குக்கோ வேறு நகரத்துக்கோ விமானம் ஏறுகிறவர்களும் உண்டு. அங்கே தேர்ந்த மருத்துவர்கள் இல்லாமலில்லை. ஆனால் கிருமி பற்றுவதும் தையல் விடுவதும் அனேகமாக ஊருக்குத் திரும்பி வந்த பிறகே தலைகாட்டும். அறுத்தவரோ கடலுக்கு அப்பால், இங்கே பார்க்கிறவரோ உள்ளே இருப்பது என்னவென்று அறியாதவர். ஊசியால் ஏற்றி அரை மணியில் பெரிதாக்குவதாகச் சொல்கிற அழகுநிலையங்களைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அவ்விதம் ஏற்றப்பட்ட ஒரு வகைக் கூழ்ப்பொருளைச் சீன தேசமே 2006இல் தடை செய்துவிட்டது.

புற்றுநோயால் மார்பை இழந்தவர்கள் இந்தக் கூச்சத்தைச் சற்று முன்னதாகவே கடந்துவிட்டார்கள். 1974இல் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்ட் தம் ஸ்தனத்தை அகற்றிய செய்தியை ஒளிக்காமல் வெளியிட்டதும், ஆயிரக்கணக்கான பெண்கள் பரிசோதனைக்குப் புறப்பட்டார்கள். 2013இல் நடிகை ஆஞ்சலினா ஜோலி, பரம்பரையாக வந்த அபாயத்தை முன்னிட்டு இரண்டையும் அகற்றிப் பைகளைப் பொருத்திக்கொண்டதைத் தாமே பத்திரிகையில் எழுதினார். நம்மவர்களில் நடிகை கௌதமி, தமக்கு வந்த மார்பகப் புற்றுநோயைக் குறித்து மேடைதோறும் பேசுவதைத் தம் கடமையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார். நோய்க்காகச் செய்துகொண்டவளைத் தைரியசாலி என்றும், விருப்பத்துக்காகச் செய்துகொண்டவளை அற்பமானவள் என்றும் பிரிக்கிற நாக்குகள் இருக்கிறவரை, பின்னவள் மேடையேறிப் பேச மாட்டாள். பேச வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் உள்ளே வைத்த பையும், அதைச் சுற்றி உறை இறுகிக் கெட்டிப்படுகிற உபாதையும், கிழிந்துபோகும் சாத்தியமும் இருவருக்கும் உண்டு.

பை ஆயுளுக்கும் நிலைக்கிற வஸ்து அல்ல. அழகுக்காகப் பொருத்திக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் எட்டிலிருந்து பத்து வருஷத்துக்குள் அதை அகற்ற நேரிடுகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. சிலிக்கோன் பை ஓசையில்லாமல் கிழியக்கூடுமாதலால், ஐந்தாறு வருஷம் ஆனதும் ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறையும் எம்.ஆர்.ஐ.யோ அல்ட்ராசவுண்டோ எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இதனிடையே ஐம்பது வயதும் வந்துவிடும். 2002 முதல் இந்நாட்டில் நடந்துவருகிற மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில் இரண்டாண்டுக்கு ஒரு முறை மேமோகிராம் எடுக்க அழைப்பு வரும். பை வைத்தவருக்குப் பையைப் பின்னே தள்ளித் திசுவை மட்டும் முன்னே இழுத்து அழுத்திக் கூடுதல் படங்கள் எடுக்க வேண்டியிருப்பதால், முன்பதிவு செய்கிறபோதே அதைச் சொல்லிவிட வேண்டும். அட்டையைக் கடவுச்சீட்டோடும் காப்புறுதிப் பத்திரங்களோடும் சேர்த்து வையுங்கள். அதன் படம் ஒன்றைக் கைப்பேசியில் எடுத்து, அன்றைக்கு வீட்டுக்கு அழைத்து வந்தவருக்கும் அனுப்பிவையுங்கள்.